இரண்டு விரல் இடைவெளி

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். முட்டி மட்டும் படியேறும்போது ஒரு வார்த்தை முனகிவிட்டுத்தான் மடங்குகிறது. நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? உன் மனைவி டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாகச் சொன்னாயே, வகுப்பில் கத்த முடிகிறதா இப்போது?

போனில் சொல்லாமல் எழுதுகிறேன் என்றால் விஷயம் பெரியது என்று புரிந்துகொள். போனில் நாம் நாலு நிமிடம் சண்டையில்லாமல் பேசியதில்லை. ஐந்தாவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. கோபம் வந்தால் கிழிக்கலாம், ஆனால் அதற்குள் படித்திருப்பாய்.

போன வெள்ளியோடு வேலை முடிந்தது. முப்பத்துநாலு வருடம் அந்த எக்ஸ்ரே அறை. விடைகொடுக்கிற கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். எனக்கு என்ன தெரியும்? "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. ம், இப்ப மூச்சு விடலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். என் ஜூனியர் பெண் மட்டும் மூக்கை உறிஞ்சினாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டெலஸ்கோப் ஒன்று வாங்கி, அதில் கேமராவை மாட்டி, வானத்தைப் படம் எடுக்கப் போகிறேன். சிரிக்காதே. கண்ணுக்குத் தெரியாததைப் படத்தில் வரவைப்பதுதான் நான் இத்தனை நாள் செய்த வேலை. எலும்பெல்லாம் எடுத்தாயிற்று, வானம்தான் பாக்கி. இந்தப் பருவத்தில் சாயங்காலமானால் வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டம் மொட்டை மாடிக்கு நேரே வந்து நிற்கிறது. அவன் இடுப்பு வாளில் ஒரு புகைமூட்டம் இருக்கிறதாம். வெறும் கண்ணுக்கு அழுக்கு மாதிரி தெரிவது, படத்தில் பூவாக விரியுமாம். அதுதான் எனக்கு வேண்டும்.

கடைக்குப் போனேன். கடைக்காரர் எட்டு அங்குலக் கண்ணாடி வைத்த பெரிய குழாய் ஒன்றை என் தலையில் கட்டப் பார்த்தார். "பெரிய வாய்ம்மா, வெளிச்சத்த அப்படியே குடிக்கும்" என்றார். எதிர்க்கடைப் பலகையைப் பார்க்கச் சொன்னார். பார்த்துக்கொண்டே ஸ்டாண்டை ஒரு விரலால் தட்டினேன். பலகை எழுத்தெல்லாம் ஆட ஆரம்பித்தது. அடங்குவதற்குள் எட்டு எண்ணிவிட்டேன். என் அனுபவத்தில் படம் கெடுவது இயந்திரத்தால் இல்லை, அசைவால். ஆகவே குழாயைப் பற்றி நான் பயப்படவில்லை, ஸ்டாண்டுதான் கவலை. நீ ராட்சச இயந்திரங்களுக்கு அடித்தளம் போடுகிறவன். அசையாமல் நிற்பது பற்றி நம் குடும்பத்தில் தெரிந்தது இரண்டே பேருக்கு. யோசித்து எழுது.

உன்னை உள்ளும் புறமும் பார்த்த,
அக்கா


ஜனவரி 30

அக்காவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். டீச்சர் தொண்டை திறந்துவிட்டது, அதற்கு நான்தான் சாட்சி. உன் முட்டிக்கு என்ன மருந்து போடுகிறாய் என்று நீ எழுதவில்லை. நீ எழுதாதது எல்லாம் நீ செய்யாதது என்று எனக்குத் தெரியும்.

'உள்ளும் புறமும்' என்று கையெழுத்துப் போடுவதை எத்தனை வயது வரை தொடர்வதாக உத்தேசம்? ஐந்து வயதில் ஒரு நட்டை விழுங்கினேன், எக்ஸ்ரே எடுத்தார்கள், அதைப் பார்த்து நீ அந்த வேலைக்கே போனாய். ஒப்புக்கொள்கிறேன். அதற்காக டீச்சர் வரைக்கும் என்னை 'நட்டு' என்று கூப்பிட வேண்டுமா?

டெலஸ்கோப் பற்றி இங்கே என் கூட வேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்டேன். மூன்று வருடமாக இதே பைத்தியம் அவருக்கு. எட்டு அங்குலம் வேண்டவே வேண்டாம் என்றார். புதிதாகப் படம் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு அதுவாம். பெரிய குழாய் காற்றில் பாய்மரம் மாதிரி ஆடும். மூன்று அங்குல லென்ஸ் வைத்த குட்டைக் குழாய் போதும். அதற்கு ஒன்றரைக் கிலோவில் மடக்கு ஸ்டாண்டு இருக்கிறது, சிறிய மோட்டாரோடு. எல்லாம் ஒரே பையில் அடங்கிவிடும். விமானத்தில் கையோடு கொண்டுவரலாம்.

ஆமாம், கொண்டுவரலாம். இனி அங்கே உன்னைக் கட்டிப்போட வேலை இல்லை. டீச்சர் இங்கே உனக்காக மேற்குப் பக்க அறையை ஒழித்து வைத்துவிட்டாள். அலமாரி கூட வாங்கியாயிற்று. அப்பா அம்மா வீட்டை நம் இரண்டு பேர் பேரிலும் எழுதினார்கள், அதை ஒரு பில்டர் இரண்டு வருடமாக விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவ்வளவு பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக நீ எதற்கு? கொல்லை, மாடி, கைப்பிடி இல்லாத படி. யோசி.

தம்பி


பிப்ரவரி 12

அன்புள்ள நட்டுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதினால் நீ முட்டியைப் பற்றி எழுதுவாய், ஆகையால் எழுதவில்லை.

மூன்று அங்குலம் என்று உன் நண்பர் சொன்னது சரி. எனக்கும் மனசில் பட்டது அதுதான். மார்பு எக்ஸ்ரேக்கும் விரல் எக்ஸ்ரேக்கும் ஒரே அளவு ஃபிலிமா வைப்போம்? குழாய் முடிவாகிவிட்டது, கடைசியில் ஸ்டாண்டோடு சேர்த்து வாங்கியாயிற்று.

ஸ்டாண்டுக்கு மறுபடி போனேன். இந்த முறை ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுபோனேன். ஒவ்வொரு ஸ்டாண்டின் தலையிலும் டம்ளரை வைத்து, காலைத் தட்டி, தண்ணீர் அடங்கும் வரை எண்ணினேன். கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நீ சொன்ன ஒன்றரைக் கிலோவையும் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் என் புடவையில். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"அம்மா, நீங்க டெலஸ்கோப் வாங்க வந்தீங்களா, ஸ்டாண்டு வாங்க வந்தீங்களா?"

"ஸ்டாண்டு. அதுமேல என்ன வைக்கிறதுன்னு அப்புறம் பாத்துக்கலாம்."

கடைசியில் மூலையில் தூசியோடு ஒன்று நின்றது. குழாயைச் சமன்செய்கிற எதிர் எடைகளோடு பதினாறு கிலோ. இதன் அச்சைத் துருவத்துக்கு நேராக வைத்துவிட்டால், மோட்டார் வானம் நகர்கிற வேகத்திலேயே குழாயைத் திருப்பிக்கொண்டு போகும். இரண்டு நிமிடம் கேமராவைத் திறந்து வைத்தாலும் நட்சத்திரம் புள்ளியாகவே இருக்கும். தட்டினேன். இரண்டு எண்ணுவதற்குள் தண்ணீர் கண்ணாடி போல நின்றது. அதுவேதான் என்று சொல்லிவிட்டேன்.

விமானத்தில் ஏற்றலாமா என்று நான் உன்னிடம் கேட்கவில்லை. மேற்குப் பக்க அறை பற்றியும் கேட்கவில்லை. டீச்சரிடம் அலமாரியில் அவள் புடவைகளை அடுக்கிக்கொள்ளச் சொல்.

அக்கா


மார்ச் 3

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், என் இரத்த அழுத்தத்தைத் தவிர.

பதினாறு கிலோ. உனக்கு ஐம்பத்தெட்டு வயது. மாடிக்குப் பதினெட்டுப் படி, ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. தினம் சாயங்காலம் யார் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுவது? பக்கத்து வீட்டுக்காரர் தூக்குவார் என்று எழுதாதே. அவருக்கு உன்னைவிட வயது அதிகம்.

நீ கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொல்கிறேன். நான் கேட்டதற்கு நீ ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போகிறாய். நேராகவே கேட்கிறேன். டிக்கெட் எந்த மாதத்துக்குப் போட? பில்டர் ஜூன் வரைக்கும்தான் காத்திருப்பாராம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்பது உனக்கும் தெரியும்.

உனக்கு ஏதாவது ஒன்று என்றால் நான் அங்கே வந்து சேரப் பத்தொன்பது மணி நேரம் ஆகும். ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை.

தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

நலம். பேனா சரியில்லை, எழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும். வீட்டில் வெள்ளையடிக்கிற வேலை, அதனால்தான் தாமதம்.

மாடி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது. கொல்லையில், துணி துவைக்கிற தளத்துக்கு நடுவே, கான்கிரீட் தூண் ஒன்று போடப் போகிறேன். ஸ்டாண்டின் தலை மட்டும் அதன் மேல் நிரந்தரமாக உட்காரும். எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்று எழுது.

வேட்டைக்காரன் மேற்கே சாய்ந்துவிட்டான். இந்த வருடம் அவன் கிடைக்க மாட்டான்.

அக்கா


மே 2

அக்கா,

நலமா என்று ஒப்புக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன். வலது கைக்கு என்ன ஆயிற்று?

பேனா சரியில்லை என்று யாரிடம் சொல்கிறாய்? நான் பிறவி இடதுகைக்காரன். இடது கையால் எழுதினால் மை எந்தப் பக்கம் தேயும், உள்ளங்கை எழுதியதன் மேலேயே எப்படி நகரும் என்று பள்ளிக்கூடத்தில் அடி வாங்கித் தெரிந்துகொண்டவன். உன் கடிதத்தில் ஒரு வரி பாக்கியில்லாமல் தேய்ந்திருக்கிறது. என் கடிதத்துக்கு ஏழு வாரம் நீ பதில் எழுதாமல் இருந்ததற்கு வெள்ளையடிப்பு காரணமா? அந்த வீட்டில் வெள்ளையடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்து எந்த நிறம் என்று சொல்லியிருப்பார். போன் செய்தேன். "உங்கக்கா உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்றார். அதிலேயே எனக்கு முக்கால்வாசி புரிந்துவிட்டது.

தூணுக்கு அளவு கேட்கிறாய். முப்பது வருடமாக அடித்தளம் போடுகிறேன். போட்டதைப் பெயர்க்க முடியாது என்பதற்காகத்தான் அதைப் போடுவதே. நீ டெலஸ்கோப்புக்குத் தூண் போடவில்லை, எனக்கு எதிராகப் போடுகிறாய். நான் அளவு சொல்ல மாட்டேன்.

பில்டரிடமிருந்து வீட்டுப் பத்திரம் வந்துவிட்டது. என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். உன் இடம் மட்டும் காலி. தாள் என் மேசை மேல் இருக்கிறது. கை எப்படி இருக்கிறது என்று உடனே எழுது. இடது கையாலேயே எழுது, பரவாயில்லை.

தம்பி


மே 14

அன்புள்ள தம்பிக்கு,

இது வலது கை. பார்த்துக்கொள், எழுத்து நிமிர்ந்துதான் நிற்கிறது.

மார்ச் எட்டாம் தேதி. ஒன்பதாவது படி. ஒரு கையில் எதிர் எடை, இன்னொரு கையில் ஸ்டாண்டின் மூன்று கால். எடையைப் போட்டிருந்தால் நான் விழுந்திருக்க மாட்டேன். புதுசு, அடிபடுமே என்று எடையைப் பிடித்துக்கொண்டு என்னை விட்டுவிட்டேன். மணிக்கட்டில் இரண்டு எலும்பும் விரிசல். பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். என் அறை, என் இயந்திரம், என் ஜூனியர். நான் பழக்க தோஷத்தில் கையை இப்படித் திருப்பு, அப்படிச் சாய் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "மேடம், அசையாதீங்க" என்று அந்தப் பெண் ஒரு அதட்டுப் போட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியால் இல்லை. படம் முதல் தடவையிலேயே அருமையாக வந்தது. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று நீ எழுதுவாய். இப்போதும் எழுது. படித்துக்கொள்கிறேன்.

ஆனால் நான் சொல்வதையும் கேள். இரண்டு வருடம் முன்பு லீவு போட்டு உன் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். டீச்சர் தங்கமானவள், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் நான் எழுந்தால் "எங்க கிளம்பிட்டீங்க?", உட்கார்ந்தால் "உடம்பு சரியில்லையா?". மேற்குப் பக்க ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். அந்தச் சுவரில் எத்தனை செங்கல் தெரிகிறது என்று நான் எண்ணி முடித்துவிட்டேன் என்பது உனக்குத் தெரியாது. இங்கே விழுந்தேன், வாஸ்தவம். அங்கே விழமாட்டேன். விழுவதற்கு அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

கையெழுத்துப் போட மாட்டேன். கை சரியாகிவிட்டது, ஆனாலும் போட மாட்டேன். தூண் போடுவேன். நீ அளவு சொல்லாவிட்டால் நானே குத்துமதிப்பாகப் போட்டுக்கொள்கிறேன். எக்ஸ்ரே இயந்திரத்துக்குத் தரையை எப்படிக் கட்டினார்கள் என்று நானும் கூட நின்று பார்த்தவள்தான். கோணலாக வந்தால் ஊரெல்லாம் சொல்வேன், அடித்தளம் போடுகிறவனின் அக்கா வீட்டுத் தூண் என்று.

பத்தொன்பது மணி நேரம் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். எனக்கும் பயம் உண்டு. பயத்தோடு இங்கே இருக்கிறேன், அவ்வளவுதான்.

அக்கா


ஜூன் 18

தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா இல்லையா என்பதை உன் மௌனத்திலிருந்து கண்டுபிடிக்க என்னிடம் இயந்திரம் இல்லை.

உன் பதிலுக்காகப் பதினைந்து நாள் பார்த்தேன். பிறகு கொத்தனாரை வரச்சொன்னேன். துவைக்கிற தளத்தில் சதுரமாக வெட்டி, இரண்டரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்தார். அடியில் அகலமாக, மேலே ஒரு அடி கனத்தில் உருளையாக, என் நெஞ்சு உயரத்துக்குத் தூண் எழுப்பினார். தலையில் நாலு போல்ட், அட்டையில் துளை போட்டு அளவு பார்த்து நானே நட்டேன். "இதுல என்னம்மா கட்டப்போறீங்க, மாடா, கப்பலா?" என்று கேட்டார். "வானம்" என்றேன். ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கரண்டியை எடுத்தார். சதுரத்தை வெட்டிய இடமெல்லாம் சிமெண்ட் பூசி, தளத்தோடு தூணை ஒன்றாக இழைத்துக் கொடுத்தார். தடவிப் பார்த்தால் இணைப்பே தெரியாது.

நான்கு சுவர்க் கொல்லையில் நின்று பார்த்தால் வானம் ஒரு சதுரம்தான், ஆனால் நல்ல சதுரம். இப்போது விருச்சிகத் தேள் ஏறி வருகிறது. இரவு சாப்பாட்டுக்கு முன்பே கொடுக்கு தெரிந்துவிடும். நேற்று முதல் முறையாகப் பிடித்தேன், கேமரா தானாகவே அடுத்தடுத்து எடுத்தது, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம், ஒன்பது படம். அச்சுப் போட்டு, வரிசை எண் எழுதி இதில் வைத்திருக்கிறேன். இரண்டில் நட்சத்திரம் புள்ளியாக இருக்கிறது. மீதி ஏழிலும் புழுப் புழுவாக நெளிகிறது. அச்சைத் திரும்பச் சரிபார்த்தேன். எடையைச் சரிபார்த்தேன். காற்றும் இல்லை.

உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. படத்தை அனுப்புகிறேன், அவ்வளவுதான்.

அக்கா


ஜூலை 5

ஒன்பது படத்தையும் மேசையில் பரப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஸ்டாண்டு சரி. தூண் சரி, இரண்டரை அடி அந்த மண்ணுக்குப் போதும். குழாயும் சரி. கெட்டதற்குக் காரணம் நீ.

புழு ஒரே சீராக நெளியவில்லை. ஒரு பக்கம் போகிறது, நிற்கிறது, திரும்ப வருகிறது. மோட்டாரோ காற்றோ அப்படிச் செய்யாது. யாரோ தளத்தின் மேல் நடக்கிறார்கள். அந்தக் கொல்லையில் உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? கேமராவைத் திறந்துவிட்டு நீ சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாய். இடுப்பில் கை வைத்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்திருப்பாய். நல்லதாக வந்த இரண்டும் நாலாவதும் ஐந்தாவதும், அடுத்தடுத்து. அந்த நாலு நிமிடம் நீ அங்கே இல்லை. வாசலில் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள்.

முப்பத்துநாலு வருடம் ஊரையே அசையாதே என்று அதட்டியவள் நீ.

கொத்தனார் அழகாக இழைத்துக் கொடுத்தாரே, அதுதான் தப்பு. இயந்திரத்தின் அடித்தளம் ஆட்கள் நடக்கிற தரையைத் தொடவே கூடாது. எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதுதான். தூணைச் சுற்றித் தளத்தை வெட்டச் சொல். இரண்டு விரல் இடைவெளி, தளத்தின் முழுக் கனத்துக்கும். உள்ளே மணல் மட்டும் போடு. நீ உள்ளே போன சமயம் பார்த்து, நல்ல எண்ணத்தில் கொத்தனார் சிமெண்ட் பூசிவிடுவார். கூடவே நில். பிறகு நீ தளத்தில் குதித்தாலும் தூணுக்குத் தெரியாது.

அளவெல்லாம் படமாக வரைந்து வைத்திருக்கிறேன். மேசையில் கைக்குக் கிடைத்த தாள் இதுதான். பின்பக்கம் பார்க்க வேண்டாம், இந்தப் பக்கம்தான் உனக்கு வேண்டியது.

மாடிப்படிக்குக் கைப்பிடி வை. இதை மட்டும் எனக்காகச் செய்.

நட்டு


ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா நலம். முட்டிக்குத் தைலம் தேய்க்கிறேன், எழுதிவிட்டேன், ஆகவே செய்கிறேன் என்று நம்பு. நீ சுகமா? தூக்கம் வருகிறதா?

நாலாவது ஐந்தாவது படத்தின்போது வாசலில் வந்தது பக்கத்து வீட்டுக்காரர். படத்தைப் பார்த்து இதைச் சொன்ன உன்னை என்ன செய்வது? ஊரையே அசையாதே என்று சொன்னவள் என்று எழுதியிருந்தாய். வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன். அந்த எக்ஸ்ரே அறையிலும் நான் படம் எடுக்கும்போது நின்றதில்லை. பொத்தானை அழுத்திவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் நடந்துகொண்டேதான் இருந்திருக்கிறேன். அங்கே தரையை யாரோ ஒழுங்காகப் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த ஆள் யாரோ, அவருக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. உனக்குச் சொல்கிறேன்.

கொத்தனார் வந்தார். இழைத்ததை வெட்டச் சொன்னதும் அவருக்கு முகம் விழுந்துவிட்டது. உன் வரைபடத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இது தெரிஞ்ச ஆளு போட்டது" என்று சொல்லிவிட்டு மறுபேச்சுப் பேசாமல் வெட்டினார். மணல் போட்டு முடிக்கும் வரை நான் நகரவில்லை. மணியைப் பார்த்தபோது மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் நின்றிருக்கிறேன். அம்மா பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

பின்பக்கம் பார்க்க வேண்டாம் என்றாய். பார்த்தேன். நான் எப்போது உன் பேச்சைக் கேட்டிருக்கிறேன்? கெட்டித் தாளாக இருக்கிறதே என்று திருப்பினால் பத்திரம். என் இடம் காலி. உன் இடத்தில் உன் கையெழுத்து, அதன் நடுவில் ஒரு ஓட்டை. முதலில் எனக்குப் புரியவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்தேன். முன்பக்கத்தில் தூணுக்கு வட்டம் போட்டிருக்கிறாயே, காம்பஸ் முள்ளைக் குத்திய இடம் அது. கைக்குக் கிடைத்த தாள் என்று எழுதியிருக்கிறாய். தாள் கைக்குக் கிடைத்திருக்கலாம். ஆனால் மையத்தை எங்கே வைப்பது என்று நீ பார்க்காமல் குத்துகிறவன் இல்லை.

அடுப்படியில் நின்றுகொண்டே கொஞ்ச நேரம் அழுதேன். எழுதினால் என்ன, உண்மைதானே.

அந்தத் தாளைச் சட்டம் போட்டுக் கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். வரைபடம் வெளியே, பத்திரம் சுவரைப் பார்த்து. ஜூன் தாண்டியும் விடாமல் பில்டரின் ஆள் போன வாரம் வந்தான். "கையெழுத்து எப்பம்மா ஆகும்?" என்றான். கூட்டிப்போய்ச் சட்டத்தைக் காட்டினேன். "தம்பி போட்டாச்சு, பாருங்க" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. தூணை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

படிக்குக் கைப்பிடி வைத்தாயிற்று, இரண்டு பக்கமும். ஒரு பக்கம் எனக்கு, ஒரு பக்கம் உனக்கு. ஞாயிற்றுக்கிழமை தோறும் நானே போன் செய்கிறேன். நாலு நிமிடம் ஆனதும் வைத்துவிடுவேன், சண்டை வருவதற்குள். பள்ளிக்கூட விடுமுறையில் டீச்சரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. மாடி அறையை ஒழித்து வைக்கிறேன். அலமாரி வாங்க மாட்டேன். கொல்லையில் எல்லாரும் எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம், குதிக்கலாம். என்னை மட்டும் யாரும் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்கக்கூடாது.

இத்துடன் ஒரு படம். தேளின் கொடுக்குக்கு இடதுபுறம் இருக்கும் புகைமூட்டம். இரண்டு இரண்டு நிமிடமாக முப்பது எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியது. வெறும் கண்ணால் பார்த்தால் அந்த இடத்தில் விரல் ரேகை அளவு மங்கல் இருக்கும், அவ்வளவுதான். முப்பது படமும் எடுக்கிற ஒரு மணி நேரமும் நான் தூணைச் சுற்றி நடந்துகொண்டுதான் இருந்தேன், வேண்டுமென்றே, செருப்பைத் தேய்த்து. லென்ஸை எடுத்து ஓரத்து நட்சத்திரத்தைப் பார். ஒன்றுகூட நெளியவில்லை.

பார்த்துவிட்டாயா? ம், இப்ப மூச்சு விடலாம்.

உள்ளும் புறமும் பார்த்த,
அக்கா